கொட்டகையில் பிரித்த எஞ்சின்: காசு எங்கே போனது?

எங்கள் டாடா 407 வாடகை வண்டியின் எஞ்சின் வேலைக்குப் பட்டறையில் கேட்ட தொகை 1,25,000 ரூபாய். கூலி மிச்சமானால் 75,000-க்குள் முடித்துவிடலாம் என்பது நான் போட்ட கணக்கு. வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்த பிறகு பில்களைக் கூட்டிப் பார்த்தேன், 1,30,000-ஐத் தாண்டியிருந்தது. மரவள்ளிக் கிழங்கு சீசனில் பாதியும் போய்விட்டது, அந்த வாடகை நஷ்டம் தனி. இருந்தாலும் எஞ்சினை நானே பிரித்துப் பூட்டியதில் எனக்கு வருத்தமில்லை. கோபம் வேறு. எங்கள் வட்டாரத்தில் இந்த வேலையில் கை வைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எந்த இடத்தில் காசு கரையும், எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள் என்று ஒருவர்கூட வாய் திறந்து சொன்னதில்லை. "அதெல்லாம் சுலபம் தம்பி" என்பதோடு சரி. அடுத்து யாராவது கொட்டகையில் எஞ்சினைத் தூக்கி இறக்கும் செயின் பிளாக் கட்ட நினைத்தால், அவருக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி டாடா 407. அந்த மாடல் 1986-ல் வந்தது. எங்களுடையது 1998-ல் பதிவானது, அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு வெட்டும் மாதங்களில் காட்டிலிருந்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு ஓட்டம் நிற்காது. மற்ற நாட்களில் செங்கல், மாட்டுத் தீவனம், கல்யாணச் சாமான் என்று எதையாவது ஏற்றிக்கொண்டிருக்கும். நாமக்கல் மாவட்டத்தில் லாரி என்றால் பத்துச் சக்கரத்துக்கு மேல்தான். 407-ஐ லாரிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் எஞ்சின் வேலை செய்ய நினைக்கிறவனுக்கு அது சிறியதாக இருப்பதுதான் சௌகரியம். 497 எஞ்சின், நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 2,956 சிசி. ஒரு டன் செயின் பிளாக்கில் தாராளமாக இறங்கும். ஆறு சிலிண்டர் லேலண்ட் எஞ்சினாக இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு விவசாயத்துக்குத் திரும்பியவன். கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் உண்டு. ஸ்பேனர் பிடிப்பதைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் போதும். மற்றவற்றுக்குத்தான் போதவில்லை.

வண்டி ஒரே நாளில் படுத்துவிடவில்லை. முதலில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை. பிறகு சூடேறிய பின்னும் நீலப் புகை. அப்புறம் ஆயில் குடிக்கத் தொடங்கியது. கடைசியில் சுமையோடு மேடு ஏறினால் இழுவை அறவே இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. மெக்கானிக்குகள் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டருக்குள் செருகிய குழாயான லைனரும் தேய்ந்து, எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்குகிறது. இதைப் பார்த்தவுடன் எஞ்சினை இறக்கிவிட வேண்டாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலே இழுவை குறையும், கரும்புகை வரும். டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டினாலும் வெள்ளைப் புகை வரும். வால்வு கைடு தேய்ந்து அந்த வழியாக ஆயில் இறங்கினாலும் நீலப் புகைதான். நாசில்களைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்த்தால் சந்தேகம் தீரும். பைக் பட்டறையில் இருக்கும் பெட்ரோல் கேஜை இதற்கு இரவல் வாங்காதீர்கள். டீசல் எஞ்சினில் 25, 30 கிலோ அழுத்தம் வரும், அது தாங்காது. எனக்கு நான்குமே குறைவு, இரண்டாவது சிலிண்டர் மிகக் குறைவு.

இந்த இடத்தில் "அரை எஞ்சின் போதும்" என்று ஆசை காட்டுவார்கள். லைனரை விட்டுவிட்டு ரிங்கையும் பேரிங்கையும் மட்டும் மாற்றுவது. செலவு பாதிக்கும் கீழே. லைனர் தேய்மானம் வட்டமாக இருக்கும் என்றால் அது நியாயமான யோசனை. ஆனால் பிஸ்டன் பக்கவாட்டில் தள்ளுவதால் லைனர் ஒரு திசையில் அதிகம் தேய்ந்து முட்டை வடிவமாகிறது. மேல் பகுதியில் முதல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு படியே விழுந்திருக்கும். அதில் புது ரிங் போட்டால் சில மாதம் புகை நிற்கும், பிறகு பழைய கதைதான். வண்டியை விற்கப் போகிறவர்கள்தான் அரை எஞ்சின் வேலை செய்வார்கள். பழைய வண்டி வாங்கும்போது "புதிதாக எஞ்சின் வேலை செய்தது" என்று யாராவது சொன்னால் லைனர் பில்லைக் கேளுங்கள்.

எஞ்சினை இறக்குவது இந்த மொத்த வேலையிலும் சுகமான பகுதி. கொட்டகையின் உத்திரத்தில் செயின் பிளாக் கட்டலாம் என்று பக்கத்துத் தோட்டத்து மாமா சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கறையான் தின்ற பனை உத்திரம் எவ்வளவு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? வாடகைக்கு இரும்புக் குழாய் முக்காலி கிடைக்கிறது, அதையே எடுத்தேன். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது, ஒரு போல்ட்டை எடுக்கக்கூட. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்தேன். போல்ட்டுகளைப் பழைய பெயின்ட் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று சீட்டு எழுதி வைத்தேன். வால்வுகளைத் தள்ளும் கம்பிகளை அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகி வைத்தேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப்களும் (மூடிகள்) கனெக்டிங் ராடு கேப்களும் இடம் மாறக் கூடாது, திசையும் மாறக் கூடாது. ஒவ்வொரு கேப்பும் அதன் ஜோடியோடு சேர்த்துப் பூட்டிக் கடையப்பட்டது. எண் தெரியாவிட்டால் கழற்றுவதற்கு முன் பக்கவாட்டில் நீங்களே குறி போடுங்கள்.

பிரித்துப் பார்த்தபோது எதிர்பார்த்தது பாதி, எதிர்பாராதது பாதி. லைனர் நான்கும் தேய்ந்திருந்தன, இரண்டாவது பிஸ்டனில் மேல் ரிங் உடைந்து கிடந்தது. அதெல்லாம் கணக்கில் இருந்தது. பேரிங்குகளில் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. பழைய பேரிங்கைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் 0.25 என்று அடித்திருந்தது. அதாவது இந்தக் கிராங்கை யாரோ முன்பே ஒரு முறை அரைத்திருக்கிறார்கள். கிராங்கை 0.25 மி.மீ. படிகளாகத்தான் குறைப்பார்கள், லேத் பட்டறைகளில் பத்து, இருபது, முப்பது என்று சொல்வதும் இதைத்தான். எங்களுடையது இருபதுக்குப் போக வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போய் முதலிலேயே பேரிங் செட் வாங்கியவர்கள் உண்டு. சைஸ் சேராமல் அப்படியே அலமாரியில் கிடக்கும். முதலில் பிரித்து, கழுவி, அளந்து, கிராங்க்கும் போரும் எந்த சைஸுக்குப் போகின்றன என்று முடிவான பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்தபோது முதல் அடி விழுந்தது. வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல். கண்ணுக்குத் தெரியவே இல்லை. தண்ணீர்ப் பாதைகளை அடைத்து அழுத்தம் ஏற்றியதும் குமிழ் குமிழாக வந்தது. வெல்டு வைக்கலாம் என்றார்கள். வார்ப்பிரும்பில், அதுவும் வால்வு சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் வெல்டை நம்பி அத்தனை செலவையும் அதன்மேல் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு ஹெட்டுக்கு 14,000 ஆயிற்று. அன்று இரவு கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மனைவி எதுவும் மறுத்துச் சொல்லவில்லை. வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். ஹெட் சோதனையை எஞ்சின் வேலையின் முதல் நாளிலேயே செய்துவிடுங்கள், பிளாக்குக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பே. ஹெட்டும் போய், கிராங்க்கும் கடைசி சைஸில் நிற்கிறது என்றால் நல்ல பழைய எஞ்சின் ஒன்றை வாங்குவது மலிவாகவே முடியும்.

அப்படி வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின் எண் பிளாக்கில்தான் இருக்கிறது. பிளாக் மாறினால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறு வேறாகிவிடும். ஆர்டிஓ அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கிப் பதிவு செய்யாமல் ஓட்டினால் எஃப்சியில் (தகுதிச் சான்று) நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் நிற்கும். வாடகை வண்டிக்கு எட்டு வயதுக்கு மேல் வருடாவருடம் எஃப்சி எடுக்க வேண்டும் என்பதால் மறைக்க முடியாது. "உன் பிளாக்கைக் கொடுத்துவிட்டு, போர் அடித்துத் தயாராக இருக்கும் இந்தப் பிளாக்கை எடுத்துக்கொள், நேரம் மிச்சம்" என்று ஒரு பட்டறையில் என்னிடமே கேட்டார்கள். பழைய பிளாக்குகள் யாருடைய வண்டியிலிருந்து வந்தவை என்பதும் தெரியாது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது லேத் பட்டறை. என் பணமும் நாளும் அதிகம் போன இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புது லைனர் ஏற்றி, போர் அடித்து (உள்பக்கத்தை அளவுக்குக் கடைந்து), ஹோனிங் செய்து (கல்லால் தீட்டி), கிராங்கை அரைத்துத் தருவதாகப் பேச்சு. ஊர் பெயரோ பட்டறை பெயரோ வேண்டாம். கூட்டம் அலைமோதும் பட்டறைதான். சொன்ன தேதியில் எதுவும் கிடைக்கவில்லை, அது எதிர்பார்த்ததே. கிடைத்த பிறகு மெயின் பேரிங்குகளை வைத்து, கிராங்கைப் படுக்கவைத்து, கேப்களை முறுக்கினேன். முதல் கேப், ஐந்தாவது கேப் முறுக்கியபோது கிராங்க் கையால் சுற்றியது. நடுக் கேப்பை முறுக்கியதும் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் ஃபிளைவீல் பக்கம் பிடித்துத் தள்ளினாலும் அசையவில்லை.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். "புது எஞ்சின் அப்படித்தான் தம்பி இருக்கும். பூட்டிவிட்டு டிராக்டரில் கட்டி நாலு கிலோமீட்டர் இழுங்கள், தானாக லூசாகிவிடும்" என்றார். இந்த ஆலோசனை தமிழ்நாட்டில் எத்தனை கிராங்குகளைத் தின்றிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் நிற்க இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாத இடத்தில் இழுத்து லூசாக்குவது என்றால் பேரிங் பூச்சைச் சுரண்டி எடுப்பது என்றுதான் பொருள். பிளாஸ்டிகேஜ் என்று ஒன்று விற்கிறது. சேமியா போல மெல்லிய, மெழுகு போன்ற பிளாஸ்டிக் இழை. பேரிங்கில் ஒரு துண்டு வைத்து, கேப்பை முழு டார்க்குக்கு (சொல்லப்பட்ட முறுக்கு அளவு) முறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மறுபடி கழற்றினால், இழை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டு இடைவெளியைப் படிக்கலாம். விலை அற்பம். நடுக் கேப்பில் இழை கிட்டத்தட்டக் காகிதமாகிவிட்டது. மற்ற நான்கும் சரி.

காரணத்தைக் கண்டுபிடித்தது சேலத்தில் ஒரு வயதான லேத்காரர். பேரிங் இல்லாமல் கேப்பை முறுக்கி, துளையை அளக்கும் போர் கேஜ் விட்டுப் பார்த்தார்; துளை வட்டமாக இல்லை, மேலும் கீழும் குறுகியிருந்தது. முன்பு எப்போதோ வேலை செய்த ஒரு புண்ணியவான், தேய்ந்த பேரிங் சத்தத்தை அடக்க அந்தக் கேப்பின் அடிப்பகுதியை அரம் போட்டு உரசியிருக்கிறான். பேரிங் மாற்றும் காசை மிச்சப்படுத்தும் பழைய வித்தை அது. அப்போது சத்தம் நின்றிருக்கும்; இத்தனை வருடம் கழித்து அந்தக் கடனை நான் கட்டினேன். ஐந்து கேப்களையும் சமப்படுத்தி, லைன் போர் அடித்து, துளைகளை ஒரே நேர்கோட்டில் சரியான அளவுக்குக் கொண்டுவர 6,000 ரூபாய். அவர் கிராங்கையும் கையில் வாங்கி, பேரிங்கில் உட்காரும் பகுதியான ஜர்னலின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அந்த மூலைகளில் சிறு வளைவு இருக்க வேண்டும். அரைக்கும் கல்லைச் சரியாகச் சீவாமல் அரைத்தால் அது கூரான மூலையாகிவிடும், சுமையில் கிராங்க் முறிவது அங்கேதான். இரண்டு ஜர்னல்களில் வளைவு போயிருந்தது. திரும்ப அரைத்து, முப்பது சைஸுக்குக் கொண்டுபோனார். இருபது சைஸுக்கு வாங்கியிருந்த பேரிங் செட் வீணானது. பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. முதல் பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "எங்களிடம் இருந்து நன்றாகத்தான் போனது" என்றார்கள். பில்லில் அளவு எதுவும் எழுதியிருக்கவில்லை. கிராங்க் சைஸ், போர் சைஸ், பிஸ்டன் இடைவெளி மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரும் பட்டறையில்தான் இனி வேலை கொடுப்பேன். எழுத மறுத்தால் அளக்கவில்லை என்று பொருள். வேலை முடிந்த பொருளை அங்கேயே மேசையில் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்; நல்ல லேத்காரருக்கு இதில் கோபம் வராது.

ரிங் விஷயத்திலும் இதே பாடுதான். பெரிய கம்பெனிப் பெயர் அச்சிட்ட பெட்டி, ஹோலோகிராம் எல்லாம் இருந்தது. விலையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சலுகை கொடுத்தபோதே எனக்கு உறுத்தியது. ரிங்கைத் தனியாக லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். இந்தப் போர் அளவுக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. வரை இருந்தால் நியாயம். எனக்கு ஒரு மி.மீ. நெருங்கியது. போலிப் பெட்டியை அச்சடிப்பது சுலபம், உலோகத்தை அப்படி அடிக்க முடிவதில்லை. கம்பெனி டீலரிடம் போய் மறுபடி வாங்கினேன். அப்போது உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் 18 ஆகக் குறைத்தார்கள். பில் இல்லாமல் வாங்கினால் அந்த வரி மிச்சம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்குப் போலி ரிங் வந்தது அப்படிப்பட்ட பில் இல்லாத கடையிலிருந்துதான்.

இவ்வளவு இழுத்ததில் சீசன் தொடங்கிவிட்டது. கொட்டகையைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் "வண்டி எப்போது ஓடும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கேலி இல்லை, அவர்களுக்குக் கிழங்கு ஏற்ற வண்டி வேண்டும். வேறு வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைத்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் பேச மாட்டார். ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு பிளாக் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. எஞ்சின் வேலையை வீட்டில் தொடங்குகிறவர்கள் சீசன் முடிந்த மறுநாள் தொடங்குங்கள். பட்டறைக்காரர் பத்து நாள் என்று சொன்னால் இரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பூட்டுவதற்கு முன் கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் டீசல் ஊற்றிக் கழுவுவார்கள். ஹோனிங் கல்லின் துகள் லைனரின் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். டீசலுக்கு அது வெளியே வராது. வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு உலர்த்தி, உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் துருப் பிடிக்கும். துணியில் சாம்பல் நிறம் வந்துகொண்டிருக்கும்வரை கழுவல் முடியவில்லை. பிளாக்கின் ஆயில் பாதைகளுக்கு முனையில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டுத் தேயுங்கள். கிராங்கின் ஆயில் துளைகளுக்கும் அதேதான். அரைத்த தூள் அங்கேதான் பதுங்கும். புது பேரிங் முதல் நாளிலேயே கீறல் விழுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பூட்டுவதில் பெரிய கதை இல்லை. ரிங் வாய்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராக வராமல் பிரித்து வைப்பது, ரிங்கில் குறி உள்ள பக்கம் மேலே பார்ப்பது, பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியின் திசை, டைமிங் கியர் புள்ளிகள் சேர்வது, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக முறுக்குவது. சர்வீஸ் புத்தகம் எதிரில் இருந்தால் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கைக்கணக்கு" என்று முறுக்குகிறவர்களை நம்பாதீர்கள். வாடகைக்கோ இரவலுக்கோ ஒன்று கிடைக்காமல் போகாது.

பம்ப்பை மட்டும் வீட்டில் தொடவே கூடாது. டீசல் பம்ப் எலிமென்ட்டின் இடைவெளி மைக்ரான் கணக்கு, கொட்டகைத் தூசிக்கு அது தாங்காது. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இன்னும் மைகோ பம்ப் என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது ஸ்பேர் கடைப் பெட்டியில் மட்டும்தான் தெரியும். பம்ப்பையும் நாசில்களையும் பெஞ்சில் ஏற்றி, நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய 17,000 ஆயிற்று. எஞ்சின் செலவு என்று பேசும்போது பெரும்பாலோர் இதைச் சேர்க்காமலே சொல்வார்கள். பட்டறைக்காரர் சொன்ன 1,25,000-லும் இது சேர்ந்திருக்கவில்லை என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. நாசில் சோதிக்கும்போது எதிரே கையை நீட்ட வேண்டாம். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வரை போகிற காயம்.

முதல் ஸ்டார்ட் அன்று, டீசலை அடைத்துவிட்டு, செல்ஃபை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் டீசல் திறந்தேன். காற்றை வெளியேற்றி மறுபடி சுற்றியதும் பிடித்துக்கொண்டது. ஏர் இன்டேக் வாயை மூடுவதற்கு ஒரு கனமான பலகையைக் கையில் வைத்துக்கொண்டு மைத்துனன் பக்கத்தில் நின்றான். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ராக் சிக்கி எஞ்சின் தறிகெட்டுச் சுற்றினால் காற்றை அடைப்பதுதான் விரைவான வழி. தேவைப்படவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்தான். கியர் பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பிளாக்கில் தண்ணீர்ப் பாதைகளை அடைக்கும் வட்டத் தகடுகள் சில இருக்கும், கோர் பிளக் என்பார்கள். ஒன்றின் விலை டீ, வடைச் செலவுதான். பழைய எஞ்சினில் உள்பக்கம் துருவேறி அவை காகிதம்போல் மெலிந்திருக்கும். பழைய துருவே அடைப்பாக இருந்து காக்கும். பிளாக்கைச் சுத்தமாகக் கழுவியதும் அந்தத் துரு போய் ஓட்டை தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் இருப்பதை எளிதாக மாற்றலாம். எனக்குக் கசிந்தது ஃபிளைவீலுக்குப் பின்னால் இருந்தது. கியர் பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். இறக்கியது இறக்கியதுதான் என்று கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் மாற்றியதில் இன்னும் 8,000. பிளாக் வெளியே இருக்கும்போதே எல்லாக் கோர் பிளக்குகளையும் மாற்றச் சொல்லி லேத்காரரிடமே கேளுங்கள். பத்து நிமிட வேலை. எனக்குச் சொல்ல ஆளில்லாமல் போன விஷயங்களில் இதுதான் மிகவும் எரிச்சலூட்டியது.

ஓட்டத்துக்கு வந்த பிறகும் ஆளாளுக்கு ஆலோசனை. இரவு முழுவதும் சுமையில்லாமல் ஐடிலில் ஓடவிடச் சொன்னார்கள். அது புது ரிங்குக்குக் கெடுதல்; அழுத்தம் இல்லாமல் ரிங் லைனரில் உட்காராது, லைனர் மெருகேறி வழுக்கிவிடும், பிறகு ஆயில் குடிப்பது நிற்கவே நிற்காது. ஸ்டார்ட் செய்து கசிவு பார்த்தவுடன் ரோட்டுக்கு எடுத்து, பாதிச் சுமையோடு, வேகத்தை ஒரே அளவில் வைக்காமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். வடிந்த ஆயிலில் மின்னிய தூளைப் பார்த்தால் அந்தச் செலவு வலிக்காது. டேப்பெட்டை (வால்வு இடைவெளி) மறுபடி சரிபார்த்தேன். புகைச் சோதனையில் முதல் தடவையிலேயே தேறியது, எஃப்சியும் ஆயிற்று.

என் தோராயக் கணக்கில், இரண்டாவது முறை செய்யவேண்டிய அரைப்பு, வீணான பேரிங், போலி ரிங், கோர் பிளக்குக்காக மறுபடி இறக்கியது எல்லாம் சேர்த்து 25,000-க்கு மேல் வெறுமனே போனது. ஹெட்டும் லைன் போரும் எப்படியும் ஆகியிருக்கும் செலவு. நகை மீண்டுவிட்டது. இரண்டு சீசன் கிழங்கு ஏற்றியாயிற்று, ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை லிட்டர்கூட ஊற்றத் தேவைப்படவில்லை. பின்பக்க ஆயில் சீலில் மட்டும் லேசாகக் கசிகிறது. அதற்காகக் கியர் பாக்ஸை இறக்குவதாக இல்லை. அடுத்த கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.